ஓடும் சர்வரில் சிறிய டிஸ்க்கை எடுத்துப் பெரிய டிஸ்க் மாட்டுவது எப்படி

சர்வரில் இடம் நிறைந்துவிட்டது. புது சர்வர் வாங்கப் பணமில்லை, அல்லது அந்த அளவுக்குத் தேவையில்லை. ரெய்டு தொகுப்பில், அதாவது பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் அமைப்பில், உள்ள டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டுப் பெரியதை மாட்டினால் போதும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்தக் 'கழற்றிவிட்டு' என்ற சொல்லில்தான் பலருடைய தரவு போயிருக்கிறது. முதலில் கழற்றிவிட்டுப் பிறகு மாட்டக் கூடாது. புதியது வந்து பழையதன் இடத்தை முழுமையாக ஏற்றுக்கொண்ட பிறகுதான் பழையதன் மேல் கை வைக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, அடிக்கடி கண்ணில் படும் ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம். லினக்ஸ் சர்வர், அதன் மையப் பகுதியான கெர்னலே நடத்தும் மென்பொருள் ரெய்டு, ரெய்டு 5 வகை. உள்ளே நான்கு 4 டெராபைட் டிஸ்க்குகள். ஒன்றின் அளவு பாரிட்டிக்கு (இழந்த டிஸ்க்கைத் திரும்பக் கணக்கிட உதவும் தகவலுக்கு) போக 12 டெராபைட் பயன்பாட்டுக்கு. மேலே இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை. இதை நான்கு 10 டெராபைட் டிஸ்க்குகளாக மாற்றி 30 டெராபைட் ஆக்க வேண்டும். சர்வர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த ரெய்டை நடத்தும் கருவியின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னால் எம்டிஏடிஎம். தமிழில் எழுதினால் பணம் எடுக்கும் இயந்திரத்தின் உறவுக்காரர்போல் இருக்கும், என்ன செய்வது. கட்டளைகளை அப்படியே நகலெடுத்து ஒட்டும் வகையில் நான் இங்கே தரவில்லை. வேண்டுமென்றேதான். என் சர்வரில் எஸ்டிசி என்று இருக்கும் டிஸ்க் உங்கள் சர்வரில் வேறொன்றாக இருக்கும். ஒட்டியவுடன் என்டர் தட்டும் பழக்கம் இந்த வேலைக்கு ஆகாது. எந்தத் தெரிவை எந்த வரிசையில் பயன்படுத்துவது என்று சொல்கிறேன். எழுத்துக்கூட்டலைக் கையேட்டுப் பக்கத்தில் பார்த்து, உங்கள் டிஸ்க்கின் பெயரைப் போட்டு, ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

பிடுங்கி மாட்டினால் என்ன ஆகும்

ரெய்டு 5 ஒரு டிஸ்க்கின் இழப்பைத் தாங்கும். நன்றாக ஓடும் டிஸ்க்கை நீங்களே பிடுங்கினால், அந்த ஒரே சலுகையை நீங்களே செலவழித்துவிடுகிறீர்கள். அதன்பின் புது டிஸ்க்கை நிரப்ப, மீதி மூன்றையும் முதல் செக்டாரிலிருந்து (டிஸ்க்கின் மிகச் சிறிய பதிவிடம்) கடைசி செக்டார்வரை படித்தாக வேண்டும். மூன்று நான்கு பன்னிரண்டு டெராபைட். சாதாரண டிஸ்க்குகளின் விவரத்தாளில் படிக்க முடியாத பிழைக்கு ஒரு வரம்பு போட்டிருப்பார்கள்: 10-இன் 14-ஆம் அடுக்கு பிட்டுகளுக்கு ஒன்றுக்கும் குறைவு. பைட்டில் சொன்னால் 12.5 டெராபைட். நடப்பில் நல்ல டிஸ்க்குகள் இதைவிட மேலாகவே நடந்துகொள்கின்றன என்பது உண்மை. ஆனால் ஐந்து வருடமாகச் சுற்றிய டிஸ்க், யாரும் தொடாத ஏதோ ஒரு மூலையில் கெட்டுப்போன செக்டாரை வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருக்கும். அது வெளிப்படும் நேரம் இப்படி முழுவதும் படிக்கும் நேரம்தான். நான்கு டிஸ்க்கையும் இந்த முறையில் மாற்றினால் மொத்தம் 48 டெராபைட் படிக்கிறீர்கள். அவ்வளவு நேரமும் தொகுப்புக்குப் பாதுகாப்பு இல்லை.

இதற்கு மாற்று ஒன்று லினக்ஸில் கெர்னல் 3.3-இலிருந்தே இருக்கிறது, எம்டிஏடிஎம் கருவியும் 3.3 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பாக இருக்க வேண்டும். அதன் பெயர் ரீப்ளேஸ். பழைய டிஸ்க் தொகுப்பில் உறுப்பினராக இருக்கும்போதே, பக்கத்தில் மாட்டிய புது டிஸ்க்குக்கு அதன் உள்ளடக்கம் நகலாகிறது. பழையதில் ஒரு செக்டார் படிக்க முடியாமல் போனால் அந்த இடத்தை மட்டும் மற்ற மூன்றிலிருந்து கணக்கிட்டு எழுதிக்கொள்ளும். நகல் முடியும்வரை ரெய்டின் பாதுகாப்பு குறைவதில்லை. படிக்க வேண்டியதும் ஒரு மாற்றத்துக்கு 4 டெராபைட்தான், நான்குக்கும் சேர்த்து 16. இவ்வளவு நல்ல வசதி இருந்தும் பலர் இன்னும் பிடுங்கி மாட்டுவதற்குக் காரணம், பழைய வழிகாட்டிகளில் அந்த முறைதான் எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான்.

ரீப்ளேஸுக்கு ஒரே நிபந்தனை, ஐந்தாவது டிஸ்க் மாட்ட ஓர் இடம். பெட்டியில் காலி அறை இல்லாவிட்டாலும் மதர்போர்டில் காலி சாட்டா போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். மூடியைத் திறந்து, டிஸ்க்கை வெளியே ஓர் அட்டைப் பெட்டியின் மேல் அசையாமல் வைத்து, சிறிய மின்விசிறியை அதன் பக்கம் திருப்பிவைத்து வேலையை முடித்திருக்கிறேன். பார்க்க அழகாக இருக்காது.

வாங்கும்போது

கூரையில் ஓடு வேய்வதுபோல் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் டிஸ்க்குகள் உண்டு. எஸ்எம்ஆர் என்பார்கள். ஒரு தடத்தைத் திருத்தினால் அதன்மேல் ஏறியிருக்கும் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். வீட்டில் படம் சேமிக்க அது போதும். ரெய்டு மறுகட்டமைப்பின் தொடர்ச்சியான எழுத்தில் அது மூச்சுத் திணறும், மணிக்கணக்கில் முடிய வேண்டியது நாள்கணக்கில் இழுக்கும், சில சமயம் தொகுப்பே அந்த டிஸ்க்கைத் தள்ளிவைத்துவிடும். பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், சேமிப்பகப் பெட்டிகளுக்கென்றே விற்ற தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட்வரை சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று ஒப்புக்கொண்டது. அதுவரை விவரத்தாளில் அந்தத் தகவல் இல்லை. மாடல் எண்ணை வைத்துச் சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வழக்கமான வகை) என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.

டிஸ்க்கை மாட்டும் அட்டைக்கும் ஒரு வரம்பு இருக்கலாம். எல்எஸ்ஐ 1068இ சில்லு உள்ள பழைய அட்டைகளில் எவ்வளவு பெரிய டிஸ்க் மாட்டினாலும் 2 டெராபைட் சுற்றில்தான் தெரியும். நம் எடுத்துக்காட்டில் ஏற்கெனவே 4 டெராபைட் ஓடுவதால் அந்தப் பயமில்லை; 1 அல்லது 2 டெராபைட்டிலிருந்து ஏறுபவர்கள் ஒரே ஒரு டிஸ்க் வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டு மீதியை வாங்கலாம்.

செக்டார் அளவும் முக்கியம். 512இ என்று குறித்திருந்தால் வெளியே 512 பைட் செக்டாராகக் காட்டிக்கொள்ளும், பழைய டிஸ்க்குகளோடு ஒத்துப்போகும். 4கே நேட்டிவ் என்று இருந்தால் பழைய தொகுப்பில் கலக்காதீர்கள்.

வெளிப்புற யுஎஸ்பி டிஸ்க்கை மலிவாக வாங்கி, உறையைப் பிரித்து உள்ளிருப்பதை எடுப்பவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. மாட்டியும் சுற்றவே இல்லை என்றால் டிஸ்க் செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். புதிய சாட்டா விதிப்படி மின் இணைப்பின் மூன்றாவது ஊசிக்கு 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் அணைந்தே இருக்கும். பழைய பவர் சப்ளைகள் அந்த ஊசிக்கு எப்போதும் மின்சாரம் கொடுக்கின்றன. 3.3 வோல்ட் கம்பி இல்லாத இணைப்பான் போட்டால் உயிர் வந்துவிடும்.

முடிந்தால் நான்கையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்காதீர்கள். ஒரே தொகுதியில் பிறந்தவை ஒரே குறையோடு பிறந்திருக்கலாம். ஒரே கூரியர் பெட்டியில் வந்தவை ஒரே அடியை வாங்கியிருக்கலாம்.

புதியது என்பதால் நம்பிவிட வேண்டாம்

புது டிஸ்க்கை ரெய்டில் சேர்ப்பதற்கு முன் வேறொரு கணினியில் மாட்டி வறுத்தெடுக்க வேண்டும். பேட்பிளாக்ஸ் என்ற கருவியை எழுதும் முறையில் ஓட்டினால் நான்கு வகை வடிவங்களை டிஸ்க் முழுவதும் எழுதி, ஒவ்வொன்றையும் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். 10 டெராபைட் டிஸ்க்கில் எட்டு சுற்று, 80 டெராபைட் வேலை. சராசரி நொடிக்கு 180 மெகாபைட் என்றால் ஐந்து நாள் ஆகும். கருவி இயல்பாக எடுத்துக்கொள்ளும் 1024 பைட் கணக்கில் இவ்வளவு பெரிய டிஸ்க்கை அது எண்ண மறுத்துவிடும். பிளாக் அளவை 4096 என்று கொடுங்கள். நான்கு டிஸ்க்கையும் ஒரே நேரத்தில் சோதிக்கலாம். இந்தச் சோதனை டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் அழிக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய டிஸ்க்குகள் இருக்கும் சர்வரிலேயே இதை ஓட்டாமல் வேறு கணினியைச் சொல்வதற்கு அதுதான் காரணம்.

சோதனைக்கு முன்னும் பின்னும் ஸ்மார்ட்சிடிஎல் கருவியில் ஸ்மார்ட் எண்களை (டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கை) எடுத்து வையுங்கள். 5, 197, 198 ஆகிய மூன்று வரிகளும் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். இவை முறையே இடம் மாற்றப்பட்ட செக்டார்கள், சந்தேகத்தில் நிற்கும் செக்டார்கள், மீட்க முடியாத செக்டார்கள். புது டிஸ்க்கில் ஒன்று ஏறியிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவேன். 199 ஏறினால் பெரும்பாலும் கேபிள் கோளாறு. கேபிளை மாற்றிப் பாருங்கள்.

எந்த டிஸ்க் எந்த டிஸ்க்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நான் விழுந்த குழி இது.

ஓர் அலுவலகத்தில் ரெய்டு 5, ஏற்கெனவே ஒரு டிஸ்க் செத்துப்போயிருந்தது. நிர்வாகத் திரையில் '2' என்று இருந்தது. முன்பக்கத்தில் இடமிருந்து இரண்டாவது ட்ரேயின் பிடியை அழுத்தி இழுத்தேன். அந்தப் பெட்டி பூஜ்யத்திலிருந்து எண்ணும் பெட்டி. என் கையில் இருந்தது நல்ல டிஸ்க். உள்ளே சுழன்றுகொண்டிருந்த தட்டின் அதிர்வு உள்ளங்கையில் தெரிந்தது. இரண்டு நிமிடத்தில் கணக்குப் பிரிவிலிருந்து ஓர் அம்மா எட்டிப் பார்த்து, "ஏன் தம்பி, பில் போட முடியவில்லையே?" என்று கேட்டார். "கொஞ்ச நேரம் ஆகும் அம்மா" என்று சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது.

அன்று தரவு பிழைத்தது. டிஸ்க்கை அதே இடத்தில் திரும்ப மாட்டி, வேறு எதையும் எழுதவிடாமல் தொகுப்பை நிறுத்தி, ஒவ்வொரு டிஸ்க்கும் பதிந்துவைத்திருந்த நிகழ்வு எண்ணை (தொகுப்பு மாறும்போது ஏறும் எண்) ஒப்பிட்டுப் பார்த்தேன். வித்தியாசம் மிகச் சிறியது. கட்டாயப்படுத்தி ஒன்றுசேர்க்கும் தெரிவோடு தொகுப்பை எழுப்பி, கோப்பு முறைமையைச் சோதித்தபோது வந்துவிட்டது. பதறிப்போய் 'புதிதாக உருவாக்கு' என்ற கிரியேட் கட்டளையைக் கொடுத்திருந்தால் கதை வேறாகியிருக்கும்.

அதிலிருந்து, டிஸ்க்கைத் தொடுவதற்கு முன் வரிசை எண்களை எடுத்துவிடுகிறேன். ஸ்மார்ட்சிடிஎல் காட்டும் வரிசை எண்ணும் டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணும் ஒன்றே. கடைசி நான்கு எழுத்துகளைச் சிறு காகிதத்தில் எழுதி ட்ரேயின் முன்பக்கம் ஒட்டுங்கள். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பவே வேண்டாம். ஒருமுறை மறுதொடக்கம் செய்தால் அவை இடம் மாறும். ஓடும்போது ட்ரேயைத் திறக்க முடியாது என்றால், சந்தேகத்துக்குரிய டிஸ்க்கை டிடி கட்டளையால் தொடர்ந்து படிக்கவிட்டு எந்த விளக்கு நிற்காமல் மின்னுகிறது என்று பார்க்கலாம். படிக்க மட்டும்; உள்ளீடும் வெளியீடும் இடம் மாறினால் டிடி இரக்கம் காட்டாது.

தொடங்குவதற்கு முன்

காப்பு நகல். ரெய்டு காப்பு நகல் ஆகாது என்று எல்லோரும் சொல்வார்கள். நான் கேட்பது வேறு: உங்கள் காப்பு நகலிலிருந்து ஒரு கோப்பை எடுத்துத் திறந்து பார்த்து எத்தனை நாள் ஆகிறது? இன்றே ஒன்றைத் திறந்து பாருங்கள்.

அடுத்து, தொகுப்பு முழுவதையும் ஒருமுறை படிக்கவைக்க வேண்டும். கெர்னலின் சிங்க்ஆக்‌ஷன் கோப்பில் 'செக்' என்று எழுதினால் தொடங்கும். டெபியனில் இது மாதத்தின் முதல் ஞாயிறன்று தானாகவே நடக்கும். நடந்ததா, எப்படி முடிந்தது என்று பதிவைப் பாருங்கள். மறைந்திருக்கும் கெட்ட செக்டார், பாதுகாப்பு முழுமையாக இருக்கும் இப்போதே வெளிவரட்டும். மற்ற டிஸ்க்குகளிலிருந்து திருத்தி எழுதிக்கொள்ளும். பழைய நான்கின் ஸ்மார்ட் எண்களையும் எடுத்து, மோசமாக இருப்பதை முதலில் மாற்றுங்கள்.

கேள்விப்படாத பலரைக் கவிழ்க்கும் விஷயம் ஒன்று உண்டு. மேசைக் கணினி டிஸ்க் ஒரு செக்டாரைப் படிக்க முடியாவிட்டால் விடாப்பிடியாக ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் முயன்றுகொண்டே இருக்கும். லினக்ஸின் பொறுமை 30 நொடி. அதற்குள் பதில் வராவிட்டால் இணைப்பையே மீட்டமைக்கத் தொடங்கும். ஒரு செக்டாரோடு முடிய வேண்டியது டிஸ்க்கே தொகுப்பிலிருந்து தள்ளப்படுவதில் முடியும். சேமிப்பகங்களுக்கென்று செய்யப்பட்ட டிஸ்க்குகள் 7 நொடியில் கைவிட்டுப் பிழையைச் சொல்லிவிடும். ஸ்மார்ட்சிடிஎல்லில் எஸ்சிடிஇஆர்சி என்ற அமைப்பு இதைக் காட்டும், 70 என்றால் 7 நொடி. உங்கள் டிஸ்க் அதை ஏற்காவிட்டால் கெர்னலின் காத்திருப்பு நேரத்தை அந்த டிஸ்க்குக்கு 180 ஆக உயர்த்துங்கள். இரண்டு அமைப்புமே மறுதொடக்கத்தில் மறைந்துவிடக்கூடியவை. ஒவ்வொரு முறையும் இயங்கும்படி தொடக்கக் குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.

மின்சாரத்தையும் பாருங்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் எப்போது என்று செய்தித்தாளில் பார்த்துவிட்டுத் தேதி குறிக்கலாம். யுபிஎஸ் இருக்கிறது என்பார்கள்; அதன் பேட்டரி மாற்றி எத்தனை வருடம் என்று கேட்டால் பதில் இருக்காது.

மாற்றும் சுற்று

புது டிஸ்க்கில் ஜிபிடி வகைப் பிரிவு அட்டவணை போடுங்கள். பழைய எம்பிஆர் வகை 2 டெராபைட் சுற்றில் நின்றுவிடும். ஒரே ஒரு பிரிவு, டிஸ்க்கின் கடைசியில் ஒரு 200 மெகாபைட் காலியாக விட்டு. நாளைக்கு வேறு கம்பெனியின் 10 டெராபைட் டிஸ்க் சில செக்டார்கள் குறைவாக வந்தால் இந்த இடைவெளி காப்பாற்றும். பழைய டிஸ்க்கின் பிரிவு அட்டவணையை அப்படியே நகலெடுக்கும் வழக்கம் செத்த டிஸ்க்கை மாற்றும்போது சரி. இங்கே அதைச் செய்தால் 10 டெராபைட் டிஸ்க்கில் 4 டெராபைட் பிரிவு உட்கார்ந்துகொள்ளும். கடைசியில் பெரிதாக்கும்போது எதுவும் பெரிதாகாது, ஏன் என்று தலையைச் சொறிய வேண்டியிருக்கும்.

பிரிவைத் தொகுப்பில் 'ஆட்' தெரிவால் சேருங்கள். அது ஸ்பேராக, அதாவது உபரி டிஸ்க்காக, நிற்கும். பிறகு 'ரீப்ளேஸ்' தெரிவுக்குப் பின் பழைய பிரிவின் பெயர், 'வித்' தெரிவுக்குப் பின் புதியதன் பெயர். என்டர் தட்டுவதற்கு முன் இரண்டின் வரிசை எண்ணையும் தாளில் இருப்பதோடு ஒப்பிடுங்கள்.

இப்போது எம்டிஸ்டாட் கோப்பைத் திறந்து பாருங்கள். சதுர அடைப்புக்குள் நான்கு யு எழுத்துகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் நலமாக இருக்கும் ஓர் உறுப்பினர். ஏதாவது ஓரிடத்தில் யு-வுக்குப் பதில் அடிக்கோடு வந்தால் அங்கே டிஸ்க் இல்லை என்று பொருள். ரீப்ளேஸ் ஓடும்போது நான்கு யு-வும் அப்படியே நிற்பதைப் பார்க்கும்போதுதான் இந்த முறையின் அருமை புரியும். புதியதன் பெயருக்குப் பக்கத்தில் ஆர் என்ற எழுத்து இருக்கும். கீழே சதவீதமும் மீதி நேரமும் ஓடும். நொடிக்கு 150 மெகாபைட் வேகம் என்றால் 4 டெராபைட்டுக்கு ஏழரை மணி நேரம். பகலில் வேலை நடக்கும் சர்வராக இருந்தால் கூடும். வேக வரம்பை உயர்த்தலாம்தான்; நான் இரவில் மட்டும் உயர்த்துவேன்.

முடிந்தவுடன் கண்காணிப்பு மின்னஞ்சல் ஒன்று வரும்: பழைய டிஸ்க் பழுது. புதியவர்கள் இதைப் பார்த்து அலறுவார்கள். நகல் முடிந்ததும் பழையதைக் கெர்னலே பழுதானதாகக் குறித்து ஒதுக்கிவைக்கும், அது வழக்கம்தான். யு நான்கும் இருக்கிறதா, கெர்னல் பதிவில் படிப்புப் பிழை ஏதும் இருக்கிறதா, புது டிஸ்க்கின் ஸ்மார்ட் எண்கள் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லாம் சரி என்றால் பழையதை 'ரிமூவ்' தெரிவால் விலக்கி, அந்த டிஸ்க்கின் டிலீட் கோப்பில் 1 என்று எழுதிக் கெர்னலிடமிருந்தும் விடைகொடுத்துவிட்டு, வரிசை எண்ணைப் பார்த்துக் கழற்றுங்கள். ட்ரேயை ஒரு விரலளவு இழுத்துவிட்டு இருபது நொடி காத்திருங்கள். தட்டு நின்ற பிறகு முழுவதும் இழுக்கலாம்.

கழற்றிய இடத்தில் அடுத்த புது டிஸ்க். இதே சுற்று இன்னும் மூன்று முறை. ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் நான் செய்வதில்லை. களைத்த கண்ணுக்கு எஸ்டிபியும் எஸ்டிடியும் ஒன்றுபோல் இருக்கும்.

ஐந்தாவது டிஸ்க்குக்கு வழியே இல்லை என்றால்

யுஎஸ்பி டாக் வைத்து ரீப்ளேஸ் செய்யலாம், ஆனால் சில டாக்குகள் 512 பைட் டிஸ்க்கை 4096 பைட் செக்டாராகக் காட்டும். அங்கே போட்ட பிரிவு அட்டவணை, டிஸ்க்கைப் பெட்டிக்குள் மாட்டியதும் கண்ணில் படாது. டாக்கில் மாட்டி ஒரு சிறு பிரிவு போட்டு, உள்ளே மாற்றி மாட்டி அது தெரிகிறதா என்று முதலில் பாருங்கள்.

சர்வரை நிறுத்த அனுமதி கிடைத்தால் இன்னொரு வழி: தொகுப்பை நிறுத்தி, பழைய டிஸ்க்கையும் புதியதையும் வேறு கணினியில் மாட்டி, டிடிரெஸ்க்யூ கருவியால் முழு நகல் எடுத்துப் புதியதைத் திரும்ப மாட்டுவது. பிரிவை அதன்பின் பெரிதாக்க வேண்டும். அசலையும் நகலையும் ஒரே கணினியில் ஒருசேர மாட்டித் தொகுப்பை எழுப்பாதீர்கள். இரண்டும் ஒரே அடையாளத்தைச் சொல்லும், யார் உண்மையான ஆள் என்று கெர்னலுக்குத் தெரியாது.

இவை எதுவும் முடியாது, பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்றால், ரெய்டு 6-இல் செய்யுங்கள். அதில் ஒன்றைப் பிடுங்கினாலும் இன்னொரு இழப்பைத் தாங்கும். ரெய்டு 5-இல் அப்படிச் செய்ய நேர்ந்தால், காப்பு நகலை அன்றைக்குக் காலையில் எடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிதாக்குதல்

நான்கும் மாறிய பிறகும் தொகுப்பு 12 டெராபைட்தான் காட்டும். கவலை வேண்டாம், கேட்டால்தான் கொடுக்கும்.

எங்கெங்கே எழுதப்படுகிறது என்று குறித்துவைக்கும் வரைபடம் தொகுப்பில் இருந்தால் முதலில் அதை நீக்குங்கள், பிட்மேப் என்பார்கள். அளவை மாற்றும்போது பழைய பிட்மேப் போதாமல் போனால் தொகுப்பே சிதையலாம் என்று எச்சரிக்கை உண்டு. பிறகு 'குரோ' தெரிவு, அளவுக்கு 'மேக்ஸ்'. புதிதாகக் கிடைத்த 6 டெராபைட் பகுதிக்கு ஒவ்வொரு டிஸ்க்கிலும் பாரிட்டி ஒத்திசைவு ஓடும், பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஓடிக்கொண்டிருக்கும்போதே கோப்பு முறைமையைப் பெரிதாக்கவும் முடியும். நான் முடியும்வரை காத்திருப்பேன். முடிந்ததும் பிட்மேப்பைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள்.

இடையில் எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் அடுக்கு) இருந்தால் பிவிரீசைஸ், எல்விஎக்ஸ்டெண்ட் என்று படி ஏறி வாருங்கள். இஎக்ஸ்டி4-க்கு ரீசைஸ்2எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு எக்ஸ்எஃப்எஸ்குரோஎஃப்எஸ். இரண்டும் ஓடும் நிலையிலேயே பெரிதாகும். நம் எடுத்துக்காட்டில் ஒரு கண்ணி காத்திருக்கிறது. 30 டெராபைட் என்பது கணினி எண்ணும் கணக்கில் 27.3. பழைய இஎக்ஸ்டி4 கோப்பு முறைமைகளில் 64பிட் அம்சம் இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் கணினிக் கணக்கில் 16-ஐத் தாண்டாது. டம்ப்இ2எஃப்எஸ் காட்டும் அம்சப் பட்டியலில் அது இருக்கிறதா என்று டிஸ்க் வாங்குவதற்கு முன்பே பாருங்கள். இல்லையென்றால் மாற்ற வழியுண்டு. இ2எஃப்எஸ்ப்ராக்ஸ் 1.43 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும், கோப்பு முறைமையைக் கழற்றிவைத்துத்தான் செய்ய முடியும், முன்னதாக முழுச் சோதனையும் ஓட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேலை.

இதே டிஸ்க்குகளிலிருந்துதான் சர்வர் தொடங்குகிறது என்றால் ஒவ்வொரு புது டிஸ்க்கிலும் கிரப்பை (சர்வரைத் தொடங்கிவைக்கும் நிரலை) நிறுவ மறக்காதீர்கள்.

ஹார்டுவேர் ரெய்டு அட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையின் பாதிதான் பொருந்தும். சோதனை, வரிசை எண், காப்பு நகல் எல்லாம் அப்படியே. ஆனால் எல்லா டிஸ்க்கையும் மாற்றிய பிறகு இருக்கும் தொகுதியைப் பெரிதாக்கும் வசதி உங்கள் அட்டையில் உண்டா என்று முன்கூட்டியே உறுதி செய்யுங்கள். இல்லாவிட்டால் மீதி இடம் வெறுமனே கிடக்கும். இசட்எஃப்எஸ் (ரெய்டையும் கோப்பு முறைமையையும் ஒன்றாக நடத்துவது) வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம்: ஆட்டோஎக்ஸ்பாண்ட் அமைப்பைத் திறந்துவிட்டு, பழையதும் புதியதும் மாட்டியிருக்கும்போதே ஒவ்வொன்றாக ரீப்ளேஸ்.

அந்த நான்கு பழைய டிஸ்க்குகள்

கழற்றிய நான்கையும் அலமாரியில் வைத்துவிட்டு, 'ஏதாவது ஆனால் இவற்றைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்' என்று நினைப்பவர்கள் நிறைய. திங்கள் கழற்றியது திங்கள் நிலையில் இருக்கிறது, வியாழன் கழற்றியது வியாழன் நிலையில். இடையில் சர்வர் எழுதிக்கொண்டே இருந்தது. நான்கையும் சேர்த்தால் நான்கு வெவ்வேறு நாட்களின் துண்டுகள் கிடைக்குமே தவிர, ஒரு முழுக் கோப்பு முறைமை கிடைக்காது. தொகுப்பை நிறுத்திவைத்து நகல் எடுத்தவர்களுக்கு மட்டும் அந்த நான்கும் உண்மையான மாற்றுப் பிரதி.

அவற்றை வேறு வேலைக்கு எடுக்கும்போது, மாட்டுவதற்குரிய கணினி எதுவானாலும், முதலில் ஜீரோ சூப்பர்பிளாக் தெரிவால் ரெய்டு அடையாளத்தை அழியுங்கள். பழைய சர்வரிலேயே ஸ்பேராகப் போடலாம் என்று நினைத்தால் முடியாது. 10 டெராபைட் டிஸ்க்குகளின் தொகுப்பு 4 டெராபைட் டிஸ்க்கைச் சேர்த்துக்கொள்ளாது. விற்பதாக இருந்தால் முழுவதும் ஒருமுறை பூஜ்யத்தால் எழுதுங்கள், ஏழு மணி நேரம். அதற்கு முன் வரிசை எண்ணை இன்னொருமுறை பாருங்கள்.